முதல் பிரிவில் இல்லாத தேதி

1

காரைக்காலில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் கிளம்பும். "நாகப்பட்டினத்துக்கு லீவு விட்டுட்டாங்களாம். நமக்கு உண்டா?"

ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும், கிழக்கே கடலைத் தவிர. மழை எங்களுக்கும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் பெய்யும். உத்தரவு மட்டும் தனித்தனியாக வரும். தமிழ்நாட்டில் அறிவித்த சலுகை எல்லையில் இருக்கிற வாஞ்சூரோடு நின்றுவிடும். எங்கள் அரசாங்கம் இருக்கிற புதுச்சேரியில் அறிவித்தது எங்களுக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் மறந்திருப்பார்கள். அதனால் எந்த அரசாங்கச் செய்தியைக் கேட்டாலும், அது நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்பே "நமக்கு உண்டா, எப்பலேர்ந்து?" என்று கேட்டுவிடுவோம். என் அப்பா திருநள்ளாறு பக்கத்தில் நெல் விவசாயி. வெள்ள நிவாரணம் என்று ரேடியோவில் சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய், கிளார்க்கிடம் இந்த இரண்டு கேள்வியைத்தான் கேட்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் காரைக்கால் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். வக்கீல் சார் எந்தச் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் முதல் பிரிவைத்தான் படிப்பார். நம் ஊர்ச் சட்டங்களில் எல்லாமே அங்கே இருக்கும்: சட்டத்தின் பெயர் என்ன, எந்தெந்த இடத்துக்குச் செல்லும், எந்தத் தேதியிலிருந்து அமல். "அதப் பாக்காம மத்தத டைப் அடிச்சு என்னம்மா பிரயோஜனம்?" என்பார். அந்தப் பழக்கம் என் கையோடு ஒட்டிக்கொண்டது.

இப்போது நான் இருப்பது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில், ஒரு பெரிய ஏரிக் கரை ஊரில். பத்து வருஷமாக இங்குள்ள நீதிமன்றக் கட்டடத்தின் சட்ட நூலகத்தில் வேலை. முன் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன். தமயந்தி என்ற என் பெயரை இங்கே யாரும் முழுசாகச் சொன்னதில்லை, "தமி" என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை ஊருக்கு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

2

எங்கள் வீட்டில் நாலு பேர். நான். என் கணவர் செந்தில், மின் கம்பங்கள் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. அவருடைய அம்மா, என் அத்தை ராஜலட்சுமி, ரிட்டயரான நர்ஸ். அப்புறம் எங்கள் மகள் யாழினி, பதினேழு வயது.

செந்தில் காரைக்காலில் பிறந்து, அத்தைக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தபோது பத்து வயதில் அப்பா அம்மாவோடு வந்தவர். நான் கல்யாணமாகி வந்தேன். யாழினியின் பிரசவத்துக்கு வழக்கப்படி ஏழாம் மாசமே ஊருக்குப் போய்விட்டேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதை இங்கே இருந்துகொண்டு மாற்றுவதற்கு எனக்கும் துணிச்சல் இல்லை, என் அம்மாவும் விட்டிருக்கமாட்டார். யாழினி காரைக்காலில் பிறந்தாள். கைக்குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தேன். இங்கே பிறந்திருந்தால் பிறந்த நிமிஷமே அமெரிக்கக் குடிமகள். பிறந்தது நம் ஊரில் என்பதால் அவள் கையில் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்க மட்டும் அனுமதி.

அத்தை மட்டும்தான் எங்கள் வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். காலமான மாமா, செந்திலின் அப்பா, கடைசி வரைக்கும் வாங்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதைப் பார்த்தவர் அவர். குடியுரிமைப் பேச்சு எடுத்தால், "ஒரு ஆயுசுக்கு ஒரு தடவ நாடு மாறினது போதும்" என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டுவிடுவார். செந்திலும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். நான் மாறாததற்கு வேறு காரணம். அப்பாவுக்குப் பிறகு எனக்கும் தம்பிக்கும் வந்த வயல் இருக்கிறது, மாறினால் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும், அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

இது எதுவும் எங்களை உறுத்தவில்லை, யாழினி வாயைத் திறக்கும் வரை.

அவள் கடலோரக் காவல் படையின் பயிற்சிக் கல்லூரிக்கு மனு போடப் போவதாகச் சொன்னாள். இந்த ஏரியிலும் அவர்களுக்கு நிலையம் உண்டு. புயலில் படகு கவிழ்ந்தால் போய்த் தூக்குகிற ஆட்கள். நான் வயல்காட்டுப் பெண். கடல் என்றால் காலை நனைத்துவிட்டு ஓடிவருகிற ரகம். ஆனால் சுனாமி வந்த அன்று நான் கடலோரக் கருக்களாச்சேரிக்குப் போயிருக்கிறேன், என்னோடு படித்த பெண்ணின் வீட்டைத் தேடிக்கொண்டு. வீடு இருந்த இடமே தெரியவில்லை. உள்ளே போய்த் தூக்க ஒரு படகு வராதா என்று கரையில் நின்றவர்களின் முகத்தை மறக்க முடியாது. மகள் அந்தப் படகில் போகிற ஆளாக வேண்டும் என்கிறாள். நான் எப்படி வேண்டாம் என்பேன்?

அந்தக் கல்லூரிக்குக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு செல்லாது. மனு போடும் காலம் இந்தக் குளிர் காலத்தோடு முடிகிறது.

அப்பா அம்மாவில் ஒருவர் குடியுரிமை வாங்கினால், பதினெட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கும் தானாக வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். செந்தில் ஒருவழியாக எழுந்து உட்கார்ந்து விண்ணப்பம் போட்டார். காத்திருந்தோம். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பிரித்துப் படித்த யாழினி தாளை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நேர்காணல் தேதி அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் கழித்து இருந்தது.

3

மறுநாள் வேலைக்குப் போனதும் குடியுரிமைச் சட்டம் இருக்கிற எட்டாம் தலைப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்த நாட்டு மத்திய அரசின் சட்டங்கள் எப்படிப் புத்தகமாகின்றன என்பதை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லியே ஆகவேண்டும், எனக்கு அதில் அவ்வளவு பைத்தியம். இவர்களுடைய நாடாளுமன்றத்துக்குப் பெயர் காங்கிரஸ். (தம்பி குமரன் இதைக் கேட்டுவிட்டு, "எந்தக் கோஷ்டி?" என்றான்.) காங்கிரஸ் நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்துப் போட்டதும் சட்டத்துக்கு ஒரு எண் விழும். முதலில் அது தனித்தாளாக அச்சாகும். பிறகு அந்தக் கூட்டத்தொடரில் வந்த எல்லாச் சட்டங்களோடும் சேர்ந்து, வந்த வரிசையிலேயே, தடித்தடித் தொகுதிகளாகக் கட்டுவார்கள். அதில் விவசாயத்துக்குப் பக்கத்தில் விமானம் இருக்கும், விமானத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் பெயரில் தபால் நிலையம் இருக்கும். கல்யாண வீட்டு மொய்ப் பொருள் மாதிரி, வந்தது வந்தபடி அடுக்கு.

அதில் எதையும் தேடி எடுக்க முடியாது என்பதால், இன்னொரு கூட்டம் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டத்தையும் துண்டுதுண்டாகப் பிரித்து, பொருள்வாரியாக மறுபடி அடுக்குகிறார்கள். அதுதான் சட்டத் தொகுப்பு. ஐம்பத்து நான்கு தலைப்புகள். அதில் ஐம்பத்து மூன்றாவது இன்னும் காலி, வாடகைக்கு ஆள் வராத வீடு மாதிரி எண்ணை மட்டும் மாட்டி வைத்திருக்கிறார்கள். குடியேற்றமும் குடியுரிமையும் எட்டாம் தலைப்பு.

வேடிக்கை இனிமேல்தான். சுமார் பாதித் தலைப்புகளை காங்கிரஸே "இந்த அடுக்கே சட்டம்" என்று நிறைவேற்றிக் கொடுத்துவிட்டது. மீதித் தலைப்புகள் அப்படி இல்லை. அவற்றில் சந்தேகம் வந்தால் பழைய தடித் தொகுதியில் இருப்பதுதான் செல்லும். எட்டாம் தலைப்பு அந்த மீதிப் பாதியில் வருவது. அதோடு ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு எண் வேறு. எங்களுக்கு வேண்டிய பிரிவு மூலச் சட்டத்தில் முந்நூற்று இருபது, தொகுப்பில் ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்று. ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். வருகிறவர்கள் ஒரு எண்ணைச் சொல்லிக் கேட்டு இன்னொரு எண்ணில் தேடிவிட்டு, "உங்கள் புத்தகம் தப்பு" என்று என்னிடம் சண்டைக்கு நிற்பார்கள்.

ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்றைப் படித்தேன். பெற்றோரில் ஒருவராவது குடிமகன் அல்லது குடிமகள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்கக் கூடாது. பிள்ளை கிரீன் கார்டோடு இந்த நாட்டில், அந்தப் பெற்றோரின் பொறுப்பில், கூடவே வசிக்கவேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்துவிட்டால் குடியுரிமை தானாக வந்துவிடும். விண்ணப்பம்கூடத் தேவையில்லை.

மூன்று முறை படித்தேன். யாழினிக்கு மூன்று வாரம் இடித்தது. எத்தனை முறை படித்தாலும் அது இடித்துக்கொண்டேதான் இருந்தது.

4

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். வத்தக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அத்தைதான் ஆரம்பித்தார்.

"செந்திலுக்கும் இப்புடித்தான் தப்பிப்போச்சு. நான் சத்தியப் பிரமாணம் எடுத்தப்ப அவனுக்குப் பதினாறு. பிள்ளைக்கும் சேத்து வரும்னு நெனச்சேன். அப்ப கேட்ட எடத்துல, அப்பா அம்மா ரெண்டு பேரும் மாறணும், ஒருத்தர் மாறினா ஆவாதுன்னுட்டாங்க. உங்க மாமாகிட்ட கெஞ்சிப் பாத்தேன். அவுரு அசையல."

"அம்மா, பழங்கதை இப்ப எதுக்கு?" என்றார் செந்தில்.

"சும்மா சொன்னேண்டா."

நான் கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தையிடம் சொன்னவர்கள் இரண்டு பேரும் மாறவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் காலையில் மூன்று முறை படித்ததில் ஒருவர் போதும் என்று இருந்தது. அப்படியானால் நடுவில் யாரோ சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள்.

"அத்தை, அவுங்க சொன்னது நல்லா ஞாபகம் இருக்கா? ரெண்டு பேருமா?"

"ஏம்மா, நாஞ் சொல்றது பொய்யா? அதுக்காகத்தானே ஒங்க மாமாவோட நாலு நாளு பேசாம இருந்தேன்."

எப்போதிலிருந்து மாறியது? அந்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. காரைக்கால்காரிக்கு அந்தக் கேள்வி உள்ளே புகுந்துவிட்டால் பதில் கிடைக்கும் வரை இருப்புக் கொள்ளாது.

5

காலையில் நூலகம் திறந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதே பிரிவுக்குப் போனேன். பிரிவின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் அந்தப் பிரிவின் ஜாதகம் இருக்கும்: எந்த வருஷம் பிறந்தது, எந்தெந்தச் சட்டம் அதைத் திருத்தியது, தடித் தொகுதியில் எத்தனையாம் பக்கம். ஐம்பத்திரண்டில் பிறந்திருக்கிறது. கடைசிப் பெரிய திருத்தம் இரண்டாயிரமாவது வருஷம் அக்டோபர் முப்பது. நூற்றுப் பதினான்காம் தொகுதி.

அத்தை சத்தியப் பிரமாணம் எடுத்து ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து! செந்திலுக்கு அப்போது பதினேழு வயது!

ஓடிப்போய் நூற்றுப் பதினான்கை எடுத்தேன். அதுவே பல பாகம், ஒவ்வொன்றும் அரிசி மூட்டைக் கனம். பக்கத்தைப் பிரித்து, பழக்க தோஷத்தில் முதல் பிரிவைப் பார்த்தேன். சட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. அமலாகும் தேதி இல்லை. இந்த ஊரில் சட்டத்தில் தேதி சொல்லவில்லை என்றால் கையெழுத்தான நாளிலிருந்தே அமல் என்பது எனக்குத் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு, செந்திலுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, நீங்க பதினேழு வயசுலயே அமெரிக்கக் குடிமகன் ஆயிட்டீங்க!"

"தமயந்தி, நான் கம்பத்துமேல இருக்கேன்."

"எறங்கி வாங்க! நெஜமாத்தான் சொல்றேன். ஒருத்தர் மாறினா போதும்னு சட்டம் மாறிடுச்சு, அத்தை ஏற்கெனவே மாறியிருந்தாங்க, ஒங்களுக்குப் பதினெட்டு ஆவல!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மார்த்தா நிற்கிறாள். நூலகத்தின் பொறுப்பாளர் அவள், என் வயதுக்காரி, என்னைவிட வேகமாகப் பேசுகிற ஒரே ஆள். தமிழ் புரியாவிட்டாலும் நான் குதித்ததைப் பார்த்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது, பிறகு ஒரு கேள்வி கேட்டாள். சட்டம் அமலுக்கு வந்த தேதி எது?

"முதல் பிரிவில் ஒன்றும் இல்லை. அதனால் கையெழுத்தான நாள்தான்."

முதல் பிரிவில் ஏன் தேடினாய் என்றாள். எங்கள் ஊரில் அங்கேதான் இருக்கும் என்றேன். இங்கே அதைக் கடைசியில்கூட ஒளித்து வைப்பார்கள், தொகுப்பில் பிரிவுக்கு வெளியே தூக்கிக் கீழே குறிப்பில் போட்டுவிடுவார்கள், குறிப்பைப் படித்தாயா என்றாள்.

நான் படிக்கவில்லை. பத்து வருஷம் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களிடம் "கீழே குறிப்பையும் பாருங்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன். சொந்த விஷயம் என்றதும் வக்கீல் சாரின் டைப்பிஸ்டாகிவிட்டேன்.

பிரிவுக்குக் கீழே, ஜாதகத்துக்கும் கீழே, இன்னும் பொடி எழுத்தில் அது இருந்தது. இந்தத் திருத்தம் சட்டமான நாளிலிருந்து நூற்றிருபது நாள் கழித்து அமலுக்கு வரும். அமலாகும் அந்த நாளில் தகுதியோடு இருப்பவர்களுக்கு மட்டும் செல்லும்.

 அக்டோபர் முப்பதிலிருந்து நூற்றிருபது நாள் என்றால் பிப்ரவரியா, மார்ச்சா? செந்திலின் பிறந்தநாள் மார்ச் நான்கு. சட்டம் வந்ததற்கு அடுத்த வருஷம் மார்ச் நான்கோடு அவருக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குள் விழுந்தால் உண்டு, தாண்டினால் இல்லை. அவர் கம்பத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறார். யாழினிக்கும் பள்ளிக்கூடத்துக்கே செய்தி அனுப்பிவிட்டேன்.

மேசை நாள்காட்டியைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். பதற்றத்தில் நவம்பருக்கு முப்பத்தொன்று போட்டுவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி எண்ணினேன். விரலை விட்டுத் தமிழில் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்த இரண்டு இளம் வக்கீல்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மார்த்தா தன் பங்குக்கு இங்கிலீஷில் எண்ணினாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நின்றோம்.

பிப்ரவரி இருபத்தேழு.

மார்த்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று எழுதி ஒட்டியவளே அவள்தான்.

6

செந்தில் மத்தியானம் கையுறையைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். அவரை முன் மேசைக்கு எதிரே உட்காரவைத்தேன்.

"என்னன்னு சொல்லு."

"சொல்லக்கூடாதுங்க."

எங்கள் வேலையில் அது கண்டிப்பான விதி. நாங்கள் வக்கீல் இல்லை. புத்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம், பக்கத்தைக் காட்டலாம், இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் பொருந்தாது என்று சொல்லவே கூடாது. காலையில் போனில் நான் விதியை மீறிவிட்டேன், அதுவும் பாதி தப்பாக. இனி மீறுவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன்.

"வீட்ல கூட்டுல உப்பு கம்மின்னு அடிச்சுச் சொல்ற. இங்க சொல்லமாட்டியா?"

"இங்க நான் நூலக ஊழியர். நீங்களே படிங்க."

இரண்டு புத்தகத்தையும் அவர் முன்னால் விரித்து வைத்தேன். படிப்பு விஷயத்தில் அவர் ரொம்ப மெதுவு. கரண்ட் கம்பியைத் தொடுவது போல ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். ஒருவர் குடிமகள் என்ற இடத்தில், "அம்மா" என்றார். பதினெட்டுக்குள் என்ற வரியை இரண்டு தடவை படித்தார். கிரீன் கார்டு, கூட வசிப்பது என்ற இடத்தில் தலையை ஆட்டினார். கீழே குறிப்புக்கு விரல் வந்தது. அவர் நாள்காட்டியைக் கேட்டார். நான் கொடுத்தேன். எண்ணுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், என் வாய் துடித்தது, சொல்லவில்லை.

விரல் நின்றது. அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அஞ்சு நாளு முன்னாடி."

"ம்."

"அன்னிக்கு நான் ஸ்கூலுக்குத்தானே போயிருப்பேன்? ஏதோ பாடம் நடந்திருக்கும். எனக்குத் தெரியாமலே..." கொஞ்ச நேரம் கையுறையைப் பிசைந்துகொண்டிருந்தார். "அப்பா சொல்வாரு தெரியுமா? அவரு தூங்கி எந்திரிச்சா நாடு மாறியிருந்துச்சுன்னு. எனக்குப் பள்ளிக்கூடத்துலயே மாறிடுச்சு."

அப்புறம்தான் அவருக்கு அடுத்தது உறைத்தது. நான் அந்த நேரத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

"இரு. நான் அப்பவே ஆயிட்டேன்னா, யாழினிய நீ தூக்கிட்டு வந்தப்ப நான் ஏற்கெனவே... அப்ப பாப்பாவுக்கு..."

 அதே பிரிவை மறுபடி மேலேயிருந்து காட்டினேன். பெற்றோரில் ஒருவர். பதினெட்டுக்குள். கிரீன் கார்டு. கூட வசிப்பது. கைக்குழந்தையாக விமானத்திலிருந்து இறங்கி இவர் கைக்கு வந்த நாளிலேயே மூன்றும் அமைந்துவிட்டது. மூன்று வாரம் இடித்தது என்று மாடியில் போய் அழுதவள் பதினேழு வருஷமாகவே குடிமகள்.

"இதயாவது வாயத் தொறந்து சொல்லேண்டி!" என்று அவர் கத்தினார். அந்த இரண்டு இளம் வக்கீல்களும் மறுபடி நிமிர்ந்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

7

புத்தகத்தில் இருப்பது வேறு, அதிகாரியின் கையில் கிடைப்பது வேறு என்பது காரைக்காலில் வளர்ந்தவளுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. குடியேற்ற வழக்குகள் பார்க்கிற ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "சரிதான், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள், ஆதாரம் முழுதாக வேண்டும்" என்றார்.

அத்தையின் குடியுரிமைச் சான்றிதழ் பீரோவிலேயே இருந்தது. செந்திலின் பள்ளிக்கூடக் காகிதங்களை அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். அத்தை மாமாவின் கல்யாணச் சான்றுக்குத்தான் ஊரைக் கேட்கவேண்டியதாயிற்று. தம்பி குமரன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடை போடுகிற இடத்தில் வேலை. நிலக்கரித் தூசியோடு அரைநாள் லீவு போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனான். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் அன்றைக்கன்றே பதிந்துவைக்கிற பழக்கம் எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து உண்டு. கல்யாண மண்டபத்திலிருந்து நேராகப் பதிவுக்குப் போனவர்களாம் அத்தையும் மாமாவும். பத்து நாளில் நகல் வந்துவிட்டது.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் முதல் ஜன்னலில் இருந்தவர் திருப்பி அனுப்பினார். அப்பா குடியுரிமை வாங்கவில்லையே என்றார், அத்தைக்கு அந்தக் காலத்தில் சொன்ன அதே வாசகம். செந்தில் கோபப்படவில்லை. பையிலிருந்து நகலை எடுத்து, கீழே பொடி எழுத்தில் விரலை வைத்து, "இதைப் படியுங்கள்" என்றார். மனிதர் படித்தார். உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவரும் படித்தார். விரலை விட்டு எண்ணினார். வாங்கிக்கொண்டார்கள்.

செந்திலுக்கு ஒரே ஒரு குறை. கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்கிற விழாவுக்காக ஒரு கோட்டு வாங்கி வைத்திருந்தார். ஏற்கெனவே குடிமகனாக இருக்கிறவருக்கு விழா கிடையாது. அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

8

போன வாரம் இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே தபாலில் வந்தன. யாழினி உறையைக் கிழித்த வேகத்தில் பாதித் தாள் தரையில். அவளுடைய கல்லூரி மனு அன்றைக்கே கம்ப்யூட்டரில் போய்விட்டது. இடம் கிடைக்குமா என்பது அவள் கையில், அவள் நீந்துவதில் இருக்கிறது. கேட்க உரிமை இருக்கிறது, அது போதும் எனக்கு. அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். என்னைவிட ஒரு ஜாண் உயரம் இப்போது. அத்தை கேசரி கிண்டினார். வீடு முழுக்க நெய் வாசனை.

நான் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஊரில் அப்போது விடிந்துகொண்டிருந்தது, பின்னால் மழைச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பித்தேன்: தடித் தொகுதி, முதல் பிரிவு, நூற்றிருபது நாள், மாமா, பள்ளிக்கூடம். அவன் "ஆங், ஆங்" என்று ரொம்பப் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் காரைக்கால்காரன் கேட்கவேண்டியதைக் கேட்டான்.

"எல்லாம் சரிக்கா. நமக்கு உண்டா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அவருக்கு உண்டு, பாப்பாவுக்கு உண்டு. நமக்கு இல்லடா" என்றேன்.

அடுப்படி வாசலில் கேசரித் தட்டோடு நின்ற யாழினி, "என்னம்மா இல்லைங்கற? அதான் வந்துருச்சே" என்று பாஸ்போர்ட்டை ஆட்டிக் காட்டினாள்.

"ஒனக்கு வந்துருச்சு கண்ணு."

அவள் கை அப்படியே நின்றது. இத்தனை மாதம் தாத்தாவுக்கு என்ன, பாட்டிக்கு என்ன, அப்பாவுக்கு என்ன, தனக்கு என்ன என்று தேதி தேதியாகப் பேசியவள். அம்மாவுக்கு என்ன என்ற கேள்வி அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. நான் படித்த அந்தப் பிரிவு பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்குத்தான் இறங்கும், பிள்ளையிடமிருந்து அம்மாவுக்கு ஏற வழியே இல்லை.

"அப்ப நீ?" என்றாள் யாழினி.

 போனில் இருந்த தம்பிக்கும், வயல் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால், இதற்குப் பதில் தெரியவேண்டியிருந்தது. எங்கள் வயலில் பெய்கிற மழை போனுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"நாளைக்கு வேலைக்குப் போயிப் படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். "கீழ உள்ள குறிப்பு வரைக்கும்."